பொது வழியும் தனி வழியும்

ஒரு வணிக நிறுவனம் தன் கணக்கேடுகளையும் சரக்குப் பட்டியல்களையும் ஊழியர் விவரங்களையும் தன் அலுவலகக் கணினியிலேயே வைத்துக் காத்த காலம் உண்டு. இன்று அவற்றைப் பிறிதொரு நிறுவனத்தின் பெருங்கணினிக் கூடத்தில் வாடகைக்கு இடம் பிடித்து வைப்பது வழக்கமாகிவிட்டது. இதனை 'மேகக் கணினி' என்கின்றனர். பெயர் மேகமாயினும் பொருள் மண்ணில்தான் உள்ளது. கதவும் காவலும் குளிரூட்டியும் கொண்ட கட்டடம் அது. அக்கட்டடத்திற்கும் நிறுவனத்தின் அலுவலகத்திற்கும் இடையே ஒரு வழி வேண்டும். அவ்வழி அனைவரும் புழங்கும் பொது வழியா, அல்லது தனக்கென அமைத்துக்கொள்ளும் தனி வழியா என்பதே இன்று பல நிறுவனங்கள் ஆராய்ந்து முடிவு செய்யும் வினாவாகும்.

வினா புதியதன்று. தந்திக் கம்பி ஆசியாவை எட்டிய நாளிலேயே அது எழுந்துவிட்டது. அன்று முதல் இன்று வரை அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளை வரலாற்று வரிசையில் நோக்குவோமாயின், இன்றைய தேர்வும் தெளிவாகும்.

1. மூன்று வழிகள் இருந்த ஆண்டு

1845ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பி. அண்ட் ஓ. நிறுவனத்தின் முதல் அஞ்சல் கப்பல் சிங்கப்பூரை அடைந்தபோது, லண்டனிலிருந்து வந்த கடிதங்களுக்கு வயது நாற்பத்தொரு நாள். அதனையே விரைவு எனப் போற்றிய காலம் அது. மிளகு விலையோ ஈய விலையோ லண்டனில் வீழ்ந்தால், அச்செய்தியைச் சிங்கை வணிகர் ஆறு வாரங் கழித்தே அறிவர்.

இந்நிலையை மாற்ற வந்தது தந்தி. 1864இல் பாரசீக வளைகுடாவில் கடலடிக் கம்பி இடப்பட்டது. அடுத்த ஆண்டில் துருக்கியப் பேரரசின் நிலவழிக் கம்பியோடு அது இணைந்ததால், இந்தியா ஐரோப்பாவோடு தொடர்பு பெற்றது. ஆனால் அவ்வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் ஊழியர் செய்தியைக் கேட்டெழுதி அடுத்த நிலையத்திற்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆங்கிலம் அறியாதோர் கைகளில் ஆங்கிலச் செய்தி பல முறை மாறியமையால் சொற்கள் சிதைந்தன. நாட்கணக்கில் தாமதமும் நேர்ந்தது. விலை கேட்டு அனுப்பிய செய்தி பொருள் விளங்காத எழுத்துக் கூட்டமாய் வந்து சேர்ந்தால், வணிகர் அதனை வைத்துக்கொண்டு என் செய்வார்?

1870ஆம் ஆண்டு இரண்டு புதிய வழிகள் திறந்தன. ஒன்று, சீமன்ஸ் சகோதரர்கள் பிரஷியா, ரஷ்யா, பாரசீகம் ஆகிய நாடுகளின் ஊடே டெஹ்ரான் வரை அமைத்த நிலவழிக் கம்பி. அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த சோதனையில், லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு இருபத்தெட்டு நிமிடத்தில் செய்தி சென்றது. மற்றொன்று, ஜான் பெண்டர் என்னும் தொழிலதிபரின் குழுமம் ஜிப்ரால்டர், மால்டா, சூயெஸ், ஏடன் வழியாகப் பம்பாய் வரை இட்ட கடல்வழிக் கம்பி.

எனவே 1870இன் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து லண்டனுக்குச் செய்தி அனுப்ப விரும்பியோர் முன் மூன்று வழிகள் இருந்தன. துருக்கிய வழி பழுதுபட்டது. சீமன்ஸ் வழி விரைவானது. ஆயினும் அயல் அரசுகளின் நிலத்தின் மேல் சென்றது. கடல்வழி பெரும்பாலும் பிறர் கைபடாதது. ஆனால் கடலடியில் அறுந்தால் செப்பனிடுதல் எளிதன்று. விரைவு, செலவு, மறைவு, உறுதி ஆகிய நான்கையும் எடைபோட்டே அன்றைய வணிகர் வழியைத் தேர்ந்தனர். இந்நான்கு எடைக்கற்களும் இன்றும் மாறவில்லை.

2. மலாயா மரமும் சென்னைக் கரையும்

கடலடிக் கம்பியின் வரலாற்றில் நம் மண்ணுக்குத் தனியிடம் உண்டு. செம்புக் கம்பியை உப்பு நீரிலிருந்து காப்பதற்கு உரிய பொருளை ஐரோப்பியர் தேடியபோது, அது மலாயாக் காடுகளில் கிடைத்தது. 'கெத்தா பெர்ச்சா' என மலாய் மொழியில் வழங்கிய தாபான் மரத்தின் பால்தான் அது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கமரி 1840களில் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். ரப்பரைப் போல் அது நீட்சியுடையதன்று. வெந்நீரில் இளகி, ஆறியபின் இறுகும். கடலடியின் குளிரிலும் அழுத்தத்திலும் கெடாது. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கம்பி முதற்கொண்டு, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உலகின் கடலடிக் கம்பிகளுக்கு மேலாடையாயிருந்தது இம்மரத்தின் பால்.

அதற்குரிய விலையை மலாயாக் காடு கொடுத்தது. பால் எடுக்க மரத்தையே வெட்டி வீழ்த்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் காட்டில் முதிர்ந்த தாபான் மரங்கள் அரியவாயின. 1933இல் பாலிஎத்திலீன் கண்டறியப்பட்ட பின்னரே அத்தேவை குறைந்தது.

1870–71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி இடப்பட்டது. மலாயாவுக்கும் தமிழகத்திற்கும் இடையே மனிதரைச் சுமந்து கப்பல்கள் சென்ற அதே கடலின் அடியில் சொற்கள் செல்லத் தொடங்கின. 1871க்குள் சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங்கிற்கும் கம்பி நீண்டது. 1981இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே தொலைபேசிக் கம்பியும், 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியிழைக் கம்பியும் அதே கடலைக் கடந்தன. ஒரு காலத்தில் நல்ல வழியெனக் கண்டது பின் வந்தோர்க்கும் நல்ல வழியாகவே அமைவதுண்டு. ஆனால் அதனால் விளையும் இடர் ஒன்றும் உண்டு. அது பின்னர் விளங்கும்.

3. சங்கேத நூல்கள்

தந்தி பொது வழி. கட்டணம் செலுத்தும் எவரும் அனுப்பலாம். ஆனால் செய்தியை அலுவலக எழுத்தர் படிப்பார். இடையிலுள்ள நிலையத்தாரும் படிப்பர். சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணமும் மிகுதி. இவ்விரு தொல்லைகளுக்கும் வணிகர் கண்ட தீர்வு சங்கேத நூலாகும். ஒரு முழு வாக்கியத்திற்கு ஒரு சொல் என அகராதி வகுத்துக்கொண்டனர். 1870களில் வெளிவந்த ஏ.பி.சி. சங்கேத நூல் உலகெங்கும் வணிகர் மேசைகளில் இடம்பெற்றது.

இதனினும் ஒரு படி மேலே சென்றோர் தமக்கென மட்டும் தனிச் சங்கேதங்களை வகுத்துக்கொண்டனர். அச்சிட்டு விற்கப்பட்ட நூல் செலவைக் குறைத்தது. தனிச் சங்கேதமோ மறைவையும் தந்தது. வழி பொதுவாயினும் பொருளை மறைக்கலாம் என்னும் இக்கருத்தே இன்று இணையத்தின் வழி செல்லும் மறைகுறியீட்டுத் தடத்திற்கு மூலமாகும்.

4. எம்டனும் அறுந்த கம்பிகளும்

வழி யாருடையது என்பதன் முழுப் பொருளை முதல் உலகப் போர் உணர்த்திற்று. போர் மூண்ட 1914 ஆகஸ்டிலேயே பிரிட்டிஷ் கப்பலொன்று ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளை அறுத்தெறிந்தது. தனக்கென வழியில்லாது போன ஜெர்மனி பிறர் வழிகளை நாட நேர்ந்தது. 1917 ஜனவரியில் ஜெர்மனியின் வெளியுறவுச் செயலர் ஸிம்மர்மான் மெக்சிகோவுக்கு அனுப்பிய இரகசியச் செய்தி, அமெரிக்க அரசின் தூதரகத் தந்தித் தடத்தின் வழியே சென்றது. அத்தடமோ பிரிட்டனைத் தொட்டுச் சென்றது. பிரிட்டிஷ் உளவுத் துறை அதனைப் பிடித்துச் சங்கேதத்தை அவிழ்த்தது. அச்செய்தி வெளியானது, அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்குவதற்கான காரணங்களுள் ஒன்றாயிற்று. வழியும் பிறருடையது, சங்கேதமும் உடையக்கூடியது, இரண்டும் சேர்ந்தபோது ஒரு பேரரசே இடருற்றது.

பிரிட்டனோ இதற்கு முன்பே ஆயத்தமாயிருந்தது. 1902இல் பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் கம்பி நிறைவுற்றபோது, தன் ஆட்சி நிலங்களை மட்டுமே தொட்டு உலகைச் சுற்றிவரும் தந்தித் தடம் அதற்கு அமைந்தது. கிழக்கே அறுந்தால் மேற்கே அனுப்பலாம். மேற்கே அறுந்தால் கிழக்கே அனுப்பலாம்.

தமிழர் 'எம்டன்' என்னும் சொல்லை அறிவர். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கலங்களைச் சுட்டுத் தீயிட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் அது. அடுத்த மாதம் 28ஆம் நாள் அது பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பலொன்றை மூழ்கடித்தது. ஆனால் அதன் கதை எங்கு முடிந்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நவம்பர் 9ஆம் நாள் அது இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவுகளுக்குச் சென்றது. அங்கிருந்த தந்தி நிலையத்தை அழித்துக் கடலடிக் கம்பிகளை அறுப்பதே அதன் நோக்கம். வீரர்கள் கரையிறங்கினர். கருவிகளை உடைத்தனர். கம்பியையும் அறுத்தனர்.

எனினும் நிலையத்திடம் கம்பியோடு கம்பியில்லாத் தந்தியும் இருந்தது. அயல் கப்பலைக் கண்டவுடனே ஊழியர்கள் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டனர். அருகே படைவீரரை ஏற்றிச் சென்ற கப்பல் தொகுதியில் அக்குரல் கேட்டது. காவலுக்கு வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்து வந்தது. அன்றே எம்டன் அழிந்தது. ஒரு வழியை மட்டும் நம்பியிராத சிறு நிலையம் ஒரு போர்க்கப்பலின் முடிவுக்குக் காரணமாயிற்று.

5. குத்தகைத் தடமும் இணையமும்

தொலைபேசி பரவிய பின், பெரு நிறுவனங்கள் தொலைபேசித் துறையிடமிருந்து தடங்களைக் குத்தகைக்கு எடுத்தன. மாதந்தோறும் கட்டணம் செலுத்தினால், இரு அலுவலகங்களுக்கிடையே ஒரு தடம் இரவும் பகலும் அவர்களுக்கே உரியதாகும். வங்கிகள் இன்னொரு முறையைக் கண்டன. 1973இல் பதினைந்து நாடுகளின் 239 வங்கிகள் ஒன்றுகூடி ஸ்விஃப்ட் என்னும் அமைப்பை நிறுவின. 1977 முதல் அதன் வலையமைப்பில் செய்திகள் செல்லலாயின. இது பொது வழியுமன்று, ஒருவருக்கே உரிய தனி வழியுமன்று. ஓரினத்தார் கூடி அமைத்துக்கொண்ட பங்கு வழி எனலாம்.

பின்னர் இணையம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் வலையமைப்பு மலேசியாவை அதனோடு இணைத்தது. செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி, அவற்றை அவ்வப்போது கிடைக்கும் வழியில் அனுப்புவதே இணையத்தின் இயல்பு. மலிவும் பரப்பும் அதன் சிறப்புகள். எந்தப் பொட்டலம் எவ்வழியில் செல்லும், எவ்வளவு நேரத்தில் சேரும் என்பதற்கு எவரும் உறுதி கூறாமை அதன் குறை.

6. மேகத்திற்குச் செல்லும் வழிகள்

அமேசான் நிறுவனம் 2006இல் தன் கணினிக் கூடங்களை வாடகைக்கு விடத் தொடங்கியது. முதலில் இணையமே அதற்கு வழி. 2009இல் நிறுவனங்கள் தம் வலையமைப்பையும் அக்கூடத்தில் தமக்குரிய பகுதியையும் இணையத்தின் ஊடே மறைகுறியீட்டுத் தடத்தால் இணைக்க வகைசெய்யப்பட்டது. இதனை வி.பி.என். என்பர். 2011இல் 'டைரக்ட் கனெக்ட்' என்னும் பெயரில் இணையத்தைத் தொடாத நேரடித் தடம் அறிமுகமாயிற்று. மைக்ரோசாஃப்ட் 2014இல் 'எக்ஸ்பிரஸ் ரூட்' என்னும் தடத்தையும், கூகுள் 2017இல் தன் நேரடித் தடத்தையும் திறந்தன. ஆக, பதினொரு ஆண்டுகளுக்குள் தந்திக் காலத்துத் தேர்வு மீண்டும் வந்துவிட்டது.

இன்று நிறுவனத்தின் முன்னுள்ள வழிகள் மூன்று.

முதலாவது, இணையத்தின் வழி மறைகுறியீட்டுத் தடம். இருக்கின்ற இணைய இணைப்பே போதும். சில மணி நேரத்தில் அமைத்துவிடலாம். செலவு குறைவு. ஆனால் வேகம் நாளுக்கு நாள், நேரத்திற்கு நேரம் மாறும்.

இரண்டாவது, முழுத் தனி வழி. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் மேகக் கணினி நிறுவனங்களும் சந்திக்கும் பொதுக் கணினிக் கூடங்கள் பெருநகரங்களில் உள்ளன. அங்கு வரை ஒளியிழைத் தடம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, அங்கிருந்து மேகக் கணினியின் வாயிலோடு இணைத்தல் வேண்டும். வேகமும் தாமதமும் சீராயிருக்கும். மேகத்திலிருந்து வெளியே எடுக்கும் தரவுக்கான கட்டணமும் பொதுவாகக் குறையும். ஆனால் அமைக்க வாரங்களோ மாதங்களோ ஆகும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் மாத வாடகை உண்டு.

மூன்றாவது, பங்கு வழி. தொலைத்தொடர்பு நிறுவனம் முன்னரே வைத்திருக்கும் பெருந்தடத்தில் ஒரு சிறு பங்கை வாடகைக்குப் பெறுதல். நொடிக்கு ஐம்பது மெகாபிட் போன்ற சிறிய அளவிலும் பெறலாம். நடுத்தர நிறுவனங்களுக்கு இது பெரிதும் பொருந்தும்.

இவற்றுள் எது தக்கது? தரவின் அளவைக் கணக்கிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். கிள்ளானில் ஒரு தொழிற்சாலை நாள்தோறும் இரவில் இருநூறு கிகாபைட் தரவை மேகத்திற்குப் படியெடுக்கிறது எனக் கொள்வோம். நொடிக்கு நூறு மெகாபிட் வேகத்தில் அதற்கு ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். இரவு ஒன்றுக்குள் முடிந்துவிடும். அத்தொழிற்சாலைக்கு மறைகுறியீட்டுத் தடமே போதும். ஓராயிரம் கிகாபைட் எனின் இருபத்திரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். அதற்கு ஓர் இரவு போதாது. அப்பொழுது வேகத்தை உயர்த்தும் பெருந்தடம் தேவையாகிறது.

அடுத்தது தாமதம். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்று மீள முப்பது மில்லிநொடிக்கு மேலாகும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதனைக் குறைக்க இயலாது. தூரத்தைக் குறைத்தல் ஒன்றே வழி. சிங்கப்பூரில் 2010இலும் மலேசியாவில் 2024 ஆகஸ்டிலும் அமேசான் கணினிக் கூடங்களைத் திறந்தமை, இவ்வட்டார நிறுவனங்களுக்கு அத்தூரத்தைக் குறைத்தது. சில வேளைகளில் வழியை மாற்றுவதினும் இடத்தை மாற்றுவதே சிறந்த விடையாகும்.

7. தனி வழி பற்றிய மயக்கம்

ஈண்டு ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். தனி வழி என்றவுடனே அது மறைவான வழி எனப் பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. நேரடித் தடத்தில் செல்லும் தரவு, தனியே ஏற்பாடு செய்தாலன்றி, மறைகுறியீடு செய்யப்படுவதில்லை. பிறர் நடமாட்டம் அதில் இல்லை என்பதே அதன் பொருள். தடத்தைப் பேணுவோர் கண்ணுக்கு அது திறந்தே இருக்கும். தந்தி எழுத்தர் செய்தியைப் படித்ததைப் போன்ற நிலைதான் இது. மருத்துவமனையின் நோயாளர் விவரங்களையோ வங்கியின் கணக்குகளையோ அனுப்புவோர், தனி வழியானாலும் அதன் மேல் மறைகுறியீடு இடுதல் வேண்டும்.

இரண்டாவது மயக்கம் உறுதி பற்றியது. விலையுயர்ந்த வழி அறுபடாது என்பதும் பொய். உலகெங்கும் ஆண்டுதோறும் நூற்றைம்பது முதல் இருநூறு வரை கடலடிக் கம்பிப் பழுதுகள் நிகழ்கின்றன. மீன்பிடி வலைகளும் நங்கூரங்களுமே பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

2006 டிசம்பர் 26ஆம் நாள் தைவானின் தெற்கே நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் விளைந்த கடலடிச் சரிவுகள் ஒன்பது கம்பிகளை அறுத்தன. பதினொரு கப்பல்கள் நாற்பத்தொன்பது நாள் உழைத்துச் செப்பனிட்டன. அதுவரை கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இணையமும் வங்கித் தொடர்பும் தடுமாறின. வெவ்வேறு நிறுவனங்களின் கம்பிகளாயினும், லூசான் நீரிணை என்னும் ஒரே குறுகிய கடல்வழியில் அவை அடுத்தடுத்துக் கிடந்தன. ஒப்பந்தத்தில் இரண்டு வழிகள். கடலடியில் ஒரே வழி. 2024இன் தொடக்கத்தில் செங்கடலில் மூன்று கம்பிகள் பழுதுற்றன. மூழ்கிய சரக்குக் கப்பலின் நங்கூரம் அதற்குக் காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. 1870இல் பெண்டர் குழுமத்தின் கம்பி சென்ற அதே செங்கடல்தான் அது. முன்னோர் கண்ட நல்ல வழியில் அனைவரும் செல்வதால் விளையும் இடர் இதுவே.

ஆதலின், தனித் தடத்தை வாங்கும் நிறுவனம் அத்தடம் எத்தெருவின் அடியில், எக்கட்டடத்தின் வழியே செல்கிறது எனக் கேட்டறிதல் வேண்டும். இரண்டு தடங்கள் ஒரே குழியில் கிடந்தால், ஒரு மண்வெட்டும் இயந்திரம் இரண்டையும் அறுத்துவிடும். இரண்டும் ஒரே கூடத்தில் முடிந்தால், அக்கூடத்தில் மின்சாரம் நின்றவுடன் இரண்டும் நிற்கும். செலவைத் தாங்க இயலாத நிறுவனத்திற்கும் வழியுண்டு. நேரடித் தடம் ஒன்றை முதல் வழியாகவும், இணைய மறைகுறியீட்டுத் தடத்தை மாற்று வழியாகவும் வைத்துக்கொள்ளலாம். முதல் வழி அறுந்தால் மாற்று வழிக்குத் தானே மாறும்படி அமைக்கவும் இயலும். கொக்கோஸ் தீவு நிலையத்தில் கம்பியோடு கம்பியில்லாத் தந்தியும் இருந்ததைப் போன்றதே இவ்வேற்பாடு. ஆனால் அமைத்ததோடு நில்லாமல், ஆண்டுக்குச் சில முறையேனும் முதல் வழியை வேண்டுமென்றே துண்டித்து, மாற்று வழி உயிரோடுள்ளதா எனப் பார்த்தல் இன்றியமையாதது.

8. வரலாறு தரும் அளவுகோல்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். சிறு கடை, சிற்றலுவலகம், தரவு குறைந்த நிறுவனம் ஆகியவற்றுக்குப் பொது வழியும் நல்ல மறைகுறியீடுமே போதும். அவை தனி வழிக்குச் செலவிடுவது, நாளொன்றுக்கு ஒரு கடிதம் அனுப்புவோர் தமக்கெனத் தந்திக் கம்பி இட்டதை ஒக்கும். ஒவ்வொரு நிமிடமும் தரவு ஓடும் வங்கிக்கும், உற்பத்தி நிற்கக் கூடாத ஆலைக்கும், மருத்துவமனைக்கும் சீரான தனி வழி தேவை. ஆனால் அவற்றுக்கும் அந்த ஒரு வழி மட்டும் போதாது.

எவ்வழியில் சென்றாலும் மூன்று வினாக்களை விடுதலாகாது. இவ்வழி யாருடைய கையில் உள்ளது? இதில் செல்வதைப் பிறர் படிக்க இயலுமா? இது அறுந்தால் எவ்வளவு நேரம் தாங்குவோம்? 1917இல் முதல் இரண்டு வினாக்களுக்குத் தவறான விடை கண்ட ஜெர்மனி பெரும் விலை கொடுத்தது. மூன்றாம் வினாவுக்கு 2006இல் பல நிறுவனங்களிடம் விடையே இல்லை.

தமிழ்ப்பள்ளி மாணவர்கள் நாளை இத்துறையில் பொறியாளராகவும், கணக்காளராகவும், நிறுவனங்களை நடத்துவோராகவும் அமர்வர். கருவிகளின் பெயர்கள் அவர்கள் காலத்திற்குள் பல முறை மாறிவிடும். தந்தி போய்த் தொலைபேசி வந்தது. குத்தகைத் தடத்தோடு இணையமும் மேகமும் சேர்ந்தன. விரைவு, செலவு, மறைவு, உறுதி ஆகிய நான்கையும் தம் தேவையோடு வைத்து எடைபோடும் பழக்கமே அவர்களுக்கு என்றும் துணைநிற்கும். வரலாற்றுப் பாடத்தில் கடலடிக் கம்பியைப் பற்றி ஒரு பத்தி வருமாயின், ஆசிரியர் அதனை ஆண்டுக் கணக்கோடு முடித்துவிடாமல், அன்றைய வணிகர் மூன்று வழிகளுள் ஒன்றை எவ்வாறு தேர்ந்தார் எனக் கேட்டு மாணவரைச் சிந்திக்கச் செய்தல் நன்று.